காமிராவும் பிறர் செய்த மின்கலமும்

கொல்கத்தா நகரில் எஸ்ப்ளனேடு பகுதியிலுள்ள மெட்ரோ திரையரங்கை ஒட்டிச் செல்லும் சந்து, புகைப்படக் கலையில் ஈடுபாடுடையோர் யாவரும் அறிந்த இடமாகும். புதிய காமிராக்களும் பழைய காமிராக்களும், லென்சுகளும், பழுது பார்ப்போரின் மேசைகளும் அங்கே நெருங்கியிருக்கின்றன. அங்கிருந்து நடக்கும் தூரத்திலுள்ள சாந்தினி சௌக், மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போன அங்காடி. துர்க்கா பூஜை நெருங்கும் காலத்தில் இவ்விடங்களில் மின்கலங்களுக்குத் தேவை மிகும். இரவு முழுவதும் பந்தல் பந்தலாகச் சென்று படம் எடுப்பவருக்கு ஒரு மின்கலம் போதாது; இரண்டாவதும் மூன்றாவதும் கைவசம் இருக்க வேண்டும். கடைக்காரர் இரண்டு வகைகளை எடுத்து வைப்பார். ஒன்றன்மேல் காமிராவைச் செய்த கம்பெனியின் பெயர் இருக்கும். மற்றொன்றன்மேல் வேறொரு கம்பெனியின் பெயர் இருக்கும். அதன் விலையும் பெரிதும் குறைவாக இருக்கும். அளவிலும் உருவத்திலும் இரண்டுக்கும் வேற்றுமை காண்பது அரிது.

இரண்டாவது வகையை வாங்கியவருக்கு ஒரு விசித்திரமான அனுபவம் நேரிடலாம். பல மாதங்களாகக் குறைவின்றி வேலை செய்துவந்த மின்கலம் திடீரென ஒரு நாள் ஏற்கப்படாமற் போகிறது. காமிராவின் திரையில், இந்த மின்கலத்தை உபயோகிக்க இயலாது என்ற அறிவிப்பு மட்டும் தோன்றுகிறது. மின்கலத்தில் மின்சாரம் நிறைந்திருக்கிறது. காமிராவிலும் பழுது ஏதுமில்லை. இடையில் நடந்தது ஒன்றே. காமிராவுக்குள் பதிந்திருந்து அதனை இயக்கும் கட்டளைத் தொகுதி, உரிமையாளரின் கையாலேயே, கம்பெனி வெளியிட்ட புதிய பிரதியால் மாற்றப்பட்டிருக்கிறது. இக்கட்டளைத் தொகுதியைத் தொழில் துறையினர் ஃபர்ம்வேர் என வழங்குவர். இக்கட்டுரையில் அது உள்நிரல் எனக் குறிக்கப்படும்.

பயிர் நோயையும் வெள்ளச் சேதத்தையும் படமெடுத்து அறிக்கையுடன் அனுப்ப வேண்டிய களப் பணியாளருக்கும், பள்ளியின் ஒரே காமிராவைப் பொறுப்பேற்று வைத்திருக்கும் ஆசிரியருக்கும் இது சிறிய விஷயமன்று. வெளியூரில், வேலை நாளின் காலையில், காமிரா இவ்வாறு மறுத்துவிடுமானால் அன்றைய பணி நின்றுபோகும். ஆகவே இம்மறுப்பு எவ்வாறு நிகழ்கிறது, அதற்குக் கூறப்படும் காரணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பவற்றை ஆராய்தல் பயனுள்ளது.

ஃபிலிம் காலத்தில் இத்தகைய கேள்வியே எழவில்லை. எஸ்ப்ளனேடுக்கு அருகில் நூற்றைம்பது ஆண்டுக் காலம் இயங்கி 2016ஆம் ஆண்டில் மூடப்பட்ட போர்ன் அண்டு ஷெப்பர்டு படநிலையத்தின் நாட்களில், ஒருவர் எந்தக் கம்பெனியின் காமிராவை வைத்திருந்தாலும், அளவு பொருந்துமாயின் எந்தக் கம்பெனியின் ஃபிலிமையும் அதில் இட்டுக்கொண்டார். உதகமண்டலத்தில் அரசாங்கத்தின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை தயாரித்த இந்து என்னும் ஃபிலிம் சுருள், அக்ஃபா காமிராவிலும் வேலை செய்தது. ஜப்பானியக் காமிராவிலும் வேலை செய்தது. சுருளின் அகலமும் துளைகளின் இடைவெளியும் உலகெங்கும் ஒன்றாக இருந்ததே அதற்குக் காரணம். கைவிளக்குக்கு இடும் உலர் மின்கலங்களின் நிலையும் அதுவே. அளவும் அழுத்தமும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருப்பதால், எவர் செய்த கலத்தையும் எவர் செய்த விளக்கிலும் இடலாம்.

டிஜிட்டல் காமிராக்கள் வந்தபின் இந்தப் பொதுமை போயிற்று. ஒவ்வொரு கம்பெனியும் தன் காமிராவுக்கெனத் தனி வடிவத்தில் மின்கலத்தைச் செய்யலாயிற்று. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. காமிராவின் கைப்பிடிக்குள் அடங்க வேண்டும். எடை குறைந்திருக்க வேண்டும். ஆயினும் நூற்றுக்கணக்கான படங்களுக்குப் போதிய சக்தி இருக்க வேண்டும். இத்தேவைகளை நிறைவேற்றவல்லது லிதியம் அயனி மின்கலமே. 1991ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் இதனை முதன்முதலாக வியாபாரத்துக்குக் கொணர்ந்தது. இதன் ஆக்கத்துக்கு அடிகோலிய குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

லிதியம் கலத்தின் இயல்பு

லிதியம் அயனிக் கலம் ஒன்றன் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட் முதல் 3.7 வோல்ட் வரை இருக்கும். முழுதும் ஊட்டப்பட்ட நிலையில் அது பெரும்பாலும் 4.2 வோல்ட்டை எட்டும். பெரிய காமிராக்களின் மின்கலப் பெட்டியில் இத்தகைய இரண்டு கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், மேலட்டையில் 7.2 வோல்ட் என்றோ அதனை ஒட்டிய வேறோர் எண்ணோ காணப்படும்.

இக்கலத்தினுள் இருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பான்களால் ஆனது. நேர் முனையையும் எதிர் முனையையும் பிரித்து நிற்பது நுண்துளைகள் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் ஏடு. 4.2 வோல்ட்டுக்கு மேலும் மின்சாரத்தைத் திணித்தால், எதிர் முனையின்மேல் லிதியம் உலோகமாகப் படிந்து, ஊசி போல வளர்ந்து, இந்த ஏட்டைத் துளைத்துவிடக்கூடும். ஏடு துளைபட்டால் இரு முனைகளும் உள்ளேயே தொட்டுக்கொள்ளும், வெப்பம் எழும், எழுந்த வெப்பம் ரசாயன மாறுதலை விரைவுபடுத்தும், அது மேலும் வெப்பத்தை உண்டாக்கும். கட்டுக்கடங்காத இந்த நிலையை அடைந்த கலம் புகைந்து தீப்பற்றுகிறது.

ஆகவே தக்க முறையில் செய்யப்பட்ட ஒவ்வொரு மின்கலப் பெட்டியிலும் விரல்நகம் போன்ற சிறு மின்சுற்றுப் பலகை ஒன்று காவலாக அமைக்கப்படுகிறது. மின்னழுத்தம் எல்லை மீறி ஏறினாலும், அளவுக்கு மேல் இறங்கினாலும், குறுக்குச் சுற்று ஏற்பட்டாலும் அது இணைப்பைத் துண்டித்துவிடும். மலிவுப் பொருள்களில் சிலவற்றில் இக்காவல் சுற்று இருப்பதில்லை. இருந்தாலும் தரம் குன்றியதாக இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. கம்பெனிகள் பிற மின்கலங்களைத் தடுப்பதற்குக் கூறும் காரணம் இதிலிருந்தே பிறக்கிறது. அக்காரணம் வெறும் கற்பனையன்று.

காமிரா எவ்வாறு கண்டுபிடிக்கிறது?

மின்கலத்தின் முகப்பை நோக்கினால் பெரும்பாலானவற்றில் மூன்று அல்லது நான்கு உலோகத் தொடுமுனைகள் தென்படும். இரண்டு முனைகள் மின்சாரம் பாய்வதற்கு. மற்றொன்று வெப்பநிலையை அறிவிப்பதற்கு. அதன் பின்னால் சூடு ஏறினால் மின்தடை குறையும் தெர்மிஸ்டர் இருக்கும். எஞ்சியது செய்தி பரிமாற்றத்துக்கு. பெட்டிக்குள் இருக்கும் சில்லு இதன் வழியாகவே இன்னும் எவ்வளவு மின்சாரம் மீந்திருக்கிறது, கலம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்னும் விவரங்களைக் காமிராவுக்குத் தெரிவிக்கிறது. இது உபயோகிப்பவருக்கு நன்மையான ஏற்பாடே. ஆனால் இதே வழியாக, நீ யார் என்று கேட்கவும் முடியும்.

இக்கேள்வியின் முறையை ஆசிரியர்கள் வகுப்பில் எளிதாக விளக்கிக் காட்டலாம். இரண்டு மாணவருக்கு மட்டும் ஒரு விதியை ரகசியமாகக் கூற வேண்டும்: சொல்லப்படும் எண்ணை 7ஆல் பெருக்கி, வந்ததை 13ஆல் வகுத்து, மீதியைச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒரு மாணவன் காமிரா, மற்றவன் மின்கலம். காமிராவாக இருப்பவன் 9 என்கிறான். 63ஐ 13ஆல் வகுத்து மீதி 11 என மின்கலமாக இருப்பவன் விடையிறுக்கிறான். அடுத்து 5 என்றால் விடை 9. விதியை அறியாத மூன்றாவது மாணவன் முன்பு கேட்ட 11ஐ மனப்பாடம் செய்து வந்தாலும் பயனில்லை. கேட்கப்படும் எண் ஒவ்வொரு முறையும் மாறிவிடும். மெய்யான மின்கலச் சில்லுகளில் விதி இதைக் காட்டிலும் மிகச் சிக்கலானது. விடையிலிருந்து ரகசியத்தைப் பின்னோக்கிக் கணிக்க இயலாதவாறு அது அமைக்கப்படுகிறது. இந்த விளையாட்டில் மற்றொன்றையும் மாணவர்க்குச் சுட்டிக் காட்டலாம். விடை சொன்னவன் விதியை அறிந்தவன் என்பது மட்டுமே மெய்ப்பிக்கப்பட்டது. அவன் உடல்நலம் உடையவனா என்பதைப் பற்றி அவ்விடை ஒன்றும் கூறவில்லை.

விற்பனையாகும்போது காமிரா இக்கேள்வியைக் கேளாமலே இருந்திருக்கலாம். பின்னர் வரும் உள்நிரல் அதனைக் கேட்கும்படி செய்துவிடும். 2009ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பானசோனிக் நிறுவனம் செய்தது இதுவே. தன் டிஜிட்டல் காமிராக்கள் பலவற்றுக்கு அது புதிய உள்நிரலை வெளியிட்டது. சந்தையிலுள்ள பிற மின்கலங்களில் சில, உட்சூட்டையும் குறுக்குச் சுற்றையும் தடுக்கும் பாதுகாப்பு இல்லாதவை என்றும், அவற்றால் விபத்து நேரக்கூடும் என்றும், ஆகவே புதிய உள்நிரலை ஏற்ற பின்னர் பானசோனிக் அல்லாத மின்கலங்களால் காமிரா இயங்காது என்றும் அறிவிப்பில் தெரிவிக்கப்பட்டிருந்தது. முன்கூட்டியே சொன்னது பாராட்டத்தக்கது. எனினும், பாதுகாப்புடன் செய்யப்பட்ட பிற மின்கலம் எது, பாதுகாப்பின்றிச் செய்யப்பட்டது எது என்று அந்த உள்நிரல் பிரித்தறியவில்லை. இரண்டையும் ஒருங்கே விலக்கிற்று. எல்லாக் கம்பெனிகளும் இவ்வழியில் சென்றுவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. பிறர் செய்த மின்கலம் இடப்பட்டால், அதனுடன் தொடர்புகொள்ள இயலவில்லை, ஆயினும் உபயோகிக்க விருப்பமா என்று கேட்டு, முடிவை உரிமையாளரிடமே விட்டுவிடும் காமிராக்களும் உள்ளன.

இதே வழி வேறு சாதனங்களிலும் கையாளப்பட்டதுண்டு. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் எச்.பி. நிறுவனத்தின் அச்சு இயந்திரங்கள் பல, பிறர் செய்த மைப்பெட்டிகளை ஒரே நாளில் மறுக்கலாயின. எதிர்ப்பு எழவே, அத்தடையை நீக்கும் வேறோர் உள்நிரலை அந்நிறுவனம் வெளியிட நேர்ந்தது. மைப்பெட்டி தீப்பற்றுவதில்லை என்பதை இங்கே நினைவுகூரலாம்.

பெயரும் பாதுகாப்பும்

கம்பெனியின் பெயர் இருப்பதனாலேயே மின்கலம் பாதுகாப்பானது என்று கொள்ளலாமா? அனுபவம் அவ்வாறு கூறவில்லை. 2006ஆம் ஆண்டில் டெல் நிறுவனம் தன் மடிக் கணினிகளின் மின்கலங்களில் 41 லட்சத்தைத் திரும்பப் பெற்றது. அவற்றின் கலங்களைச் செய்தது சோனி. கலத்தினுள் புகுந்துவிட்ட நுண்ணிய உலோகத் துகள்களே காரணம். 2012ஆம் ஆண்டில் நிக்கான் நிறுவனம் தன் சொந்தக் காமிரா மின்கலங்களில் சில தொகுதிகளை, சூடேறி உருகக்கூடும் என்ற காரணத்தால் திரும்பப் பெற்றது. 2016ஆம் ஆண்டில் சாம்சங் நிறுவனத்தின் ஒரு கைபேசி முற்றிலுமே சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இவை யாவும் உரிய கம்பெனியின் பெயரைத் தாங்கிய, காமிராவோ கைபேசியோ கேட்ட கேள்விக்குச் சரியான விடை கூறவல்ல மின்கலங்களே.

மறுபுறமும் ஒன்று உண்டு. நம் கடைத்தெருக்களில் ஒரிஜினல் அல்லாதது அனைத்தையும் டூப்ளிகேட் என்று ஒரே சொல்லால் கூறிவிடும் வழக்கம் இருக்கிறது. இச்சொல் மிக்க குழப்பம் விளைவிக்கிறது. தன் சொந்தப் பெயரையும் முகவரியையும் பொறித்து, இன்ன காமிராவுக்குப் பொருந்தும் என்று எழுதி விற்பவர் ஒருவர். காமிரா கம்பெனியின் பெயரையே திருடிப் பொறித்து விற்பவர் மற்றொருவர். முன்னவர் செய்வது வியாபாரம். பின்னவர் செய்வது குற்றம். உள்நிரல் வழியாக வரும் தடை பெரும்பாலும் முன்னவரையே முதலில் தாக்குகிறது. கள்ளப் பெயர் பொறிக்கத் துணிந்தவர் சில்லையும் போலி செய்யத் தயங்குவதில்லை. அவருடைய சரக்கு சரியான விடையைச் சொல்லிக் காமிராவுக்குள் நுழைந்துவிடுகிறது. அதற்குள் காவல் சுற்று இருக்கிறதா என்பதைக் கேட்பார் எவருமில்லை. ரகசியம் முழுதும் அறியப்பட்டது என்னும் பொருள்படும் சொற்களைப் பெட்டியின்மேலேயே அச்சிட்டு விற்கப்படும் மின்கலங்களையும் இன்று காணலாம்.

மின்கலம் நன்றாகச் செய்யப்பட்டதா என்பதை அறிய வேறு வழி உண்டு. அது பழைய வழியே. மாதிரியை எடுத்துச் சோதிப்பதாகும் அது. கொல்கத்தாவில் 1912ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசியப் பரிசோதனைச் சாலை, சிமெண்டையும் எஃகையும் மின்கம்பியையும் அவ்வாறே சோதித்து வந்திருக்கிறது. வந்த பொருளைச் செய்தவர் பெரியவரா சிறியவரா என்பது சோதனைச் சாலையின் கேள்வியன்று. சிறு சாதனங்களுக்கான லிதியம் மின்கலங்களுக்கு இந்தியத் தர நிர்ணயக் குழுவின் ஐ.எஸ். 16046 என்னும் தரம் இருக்கிறது. மிகையாக மின்னூட்டுதல், முனைகளைக் குறுக்கே இணைத்தல், உயரத்திலிருந்து விழச் செய்தல், நசுக்குதல், அடுப்பில் இட்டுச் சூடேற்றுதல் முதலிய கடுஞ்சோதனைகளைக் கலம் தீப்பற்றாமலும் வெடிக்காமலும் தாங்க வேண்டும். கட்டாயப் பதிவு உத்தரவு 2012ஆம் ஆண்டில் பிறந்தது. இத்தகைய மின்கலங்கள் 2014 நவம்பரில் அதன் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தேறியவற்றுக்கு ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவெண் வழங்கப்படுகிறது. பிறர் செய்த மின்கலமும் இப்பதிவைப் பெறலாம். பதிவெண் பெற்ற அத்தகைய மின்கலத்தைப் பாதுகாப்பின் பெயரால் காமிரா மறுக்குமானால், அங்கே கூறப்படும் காரணம் பொருந்துவதாகத் தோன்றவில்லை.

சட்டத்தின் நிலை பற்றி ஓரிரு வார்த்தைகள். உதிரிப் பாகங்களையும் பழுது பார்க்கும் விவரங்களையும் தம் சொந்த நிலையங்களுக்கு வெளியே கிடைக்கவொட்டாமல் செய்தமைக்காக, 2014 ஆகஸ்டு 25ஆம் நாள் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியமோ இன்னும் தெளிவாகக் கூறியுள்ளது. 2023ஆம் ஆண்டில் அது இயற்றிய மின்கல விதிகளில், பொருத்தமான மற்றொரு மின்கலத்தை மாற்றி இடுவதற்கு மென்பொருளைக் கொண்டு இடையூறு செய்தலாகாது என்று விதித்தது; இதற்கு 2027 பிப்ரவரி 18 நாளாகக் குறிக்கப்பட்டது.

கவனிக்க வேண்டியவை

அலுவலகக் காமிராவுக்கோ பள்ளிக் காமிராவுக்கோ புதிய உள்நிரல் வந்திருப்பதாக அறிவிப்பு வந்தால், அதனுடன் தரப்படும் குறிப்பை முழுதும் படித்தபின்னரே ஏற்றுதல் வேண்டும். மின்கலம், அடையாளம், ஒத்தியைபு போன்ற சொற்கள் அதில் காணப்பட்டால் எச்சரிக்கை தேவை. ஒரு முறை ஏற்றிய உள்நிரலை விலக்கிப் பழையதற்குத் திரும்புதல் பல காமிராக்களில் இயலாது. முக்கியமான வேலைக்குப் புறப்படும் முதல் நாள் மாலையில் உள்நிரலை மாற்றுவது எவ்வகையிலும் தகாது. மாற்றியே தீர வேண்டுமாயின், இருக்கும் மின்கலங்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்துவிட வேண்டும். வெளியூர் செல்லும்போது இரண்டு மின்கலங்களில் ஒன்றேனும் காமிரா கம்பெனியுடையதாக இருத்தல் நலம்.

வாங்கும்போது செய்தவரின் பெயரும் பதிவெண்ணும் மேலட்டையில் இருக்கின்றனவா என்று பார்த்து, அந்த எண்ணைத் தர நிர்ணயக் குழுவின் பி.ஐ.எஸ். கேர் என்னும் கைபேசிச் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. கொள்ளளவு பற்றிய கூற்றையும் சற்றே ஐயத்துடன் நோக்க வேண்டும். கம்பெனியின் மின்கலத்தில் 7.2 வோல்ட், 1,865 மில்லி ஆம்பியர்-மணி என்றிருந்தால் அதன் சக்தி ஏறக்குறைய 13.4 வாட்-மணி. அதே அளவும் எடையும் உடைய மலிவான மின்கலம் இதைப்போல் இரு மடங்கு உடையதென அச்சிட்டிருந்தால், அச்சிட்டவர் கணக்கில் தாராளமானவர் என்று கொள்ளலாம். மற்ற கூற்றுகளையும் அவ்வாறே மதிப்பிட வேண்டும்.

தடையைக் கடப்பதற்காகப் பெட்டியைப் பிளந்து, பழைய சில்லை எடுத்துப் புதிய கலத்துடன் பற்றவைக்கும் முயற்சிகள் சில இடங்களில் நடைபெறுவதுண்டு. பற்றவைக்கும் சூடு லிதியம் கலத்துக்கு ஆகாது. பள்ளிச் சோதனைக் கூடத்தில் இதனை ஒருபோதும் அனுமதித்தலாகாது. உப்பிய மின்கலத்தை, அது எவர் செய்ததாயினும், மீண்டும் ஊட்டக் கூடாது. உபயோகத்தில் இல்லாதபோது தொடுமுனைகளின்மேல் மூடியிட்டு வைக்க வேண்டும். பையில் சாவியோடும் நாணயங்களோடும் கிடந்து குறுக்குச் சுற்று ஏற்படுதல் இவ்வாறு தடுக்கப்படும். 45 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் மின்னூட்டுதல் தவிர்க்கத்தக்கது. சித்திரை வெயிலில் நிறுத்திய ஜீப்பின் உட்புறம் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும்.

தேய்ந்துபோன மின்கலங்களைக் குப்பையில் எறிதலும் எரித்தலும் கூடா. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவற்றைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சார்ந்தது. சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்குமுன் தொடுமுனைகளை ஒட்டுநாடாவால் மறைத்து, காகிதத்தில் தனித்தனியே சுற்றி வைக்க வேண்டும்.